தாய்மாமன் தட்டில் வந்த போர்வீரன்

பன்னிரண்டு அங்குல உயரத்தில் ஓர் ஆள் நிற்கிறான். மார்பில் பித்தளைத் தகடு, தோளில் கொம்பு, இரண்டு தொடையிலும் முள். பொம்மைக்குக் கவசம் செய்கிற இந்தப் பட்டறையில் நான் சேர்ந்த அன்றைக்கு அவனைத்தான் முதலில் என் கையில் கொடுத்தார்கள். புதுசாக வந்தவன் வாயைப் பிளப்பான் என்று சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது, கேட்டுவிட்டேன்.

"இவன் எப்படி உக்காருவான்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பொம்மையை வாங்கி, இடுப்பை மடக்கி, என் முன்னாலேயே உட்கார வைத்துப் பார்த்தார். தொடை முள் இரண்டும் வயிற்றில் போய் முட்டின.

"கேக்குறான் பாரு," என்றார். "நாள் பூரா நின்னுகினே சண்ட போடுவானா இவன்? மாத்துங்க."

இந்தத் தொழிலுக்குப் புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளே, அன்றைக்கே எனக்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள். பேஜாரு. மறைமலைநகரில் கார் பாகம் அடிக்கும் கம்பெனியில் தகடு வெட்டிக்கொண்டிருந்தவன் நான். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற வழியில் பயந்து திரும்பி வந்தவன், அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை. கம்பெனி பஸ் வருமா என்று கவலை, வந்தால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. கம்பெனியில் அதைக் கிண்டல் செய்தார்கள். இந்தப் பட்டறையில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த யாரையோ நினைக்காதீர்கள். அவர் ஒரு அம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் பிறந்தவர். உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் வைத்த மூன்று சோதனை இன்றைக்கும் உங்கள் மேசையில் நடக்கிறது. கவசம் மாட்டிய ஆள் உட்கார வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தலைக்கவசம் கழல வேண்டும். "கழட்ட முடியாத கவசம் கவசமில்ல, ஜெயிலு" என்பார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பொருள் வாசலைத் தாண்டாது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் தாண்டாது.

அப்போது பட்டறை ஒரு பழைய இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணையில் இருந்தது. பண்ணை மூடியதும் சிமென்ட் தொட்டிகள் அப்படியே கிடந்தன. இடிக்க மனசில்லாமல் தொட்டிக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்தோம். வெளியே இருந்து பார்த்தால் வரிசையாகத் தலைகள் மட்டும் தெரியும். சங்கிலிச் சட்டை பின்னுகிற குப்பத்துப் பெண்கள் முதல் தொட்டி. மாஸ்டர் மூன்றாம் தொட்டி. கடைசித் தொட்டியில் நான். மழை பெய்தால் தொட்டி நிரம்பி முழுகிப் போவேனோ என்று முதலில் கவலைப்பட்டேன், கூரை இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொம்மையை நாங்கள் பொம்மை என்று சொல்ல மாட்டோம், ஆள் என்போம். பஸ்ஸில் வரும்போது போன் வந்தால் "அந்த ஆளு தலைய தனியா டப்பால போடு, காலு ஒடஞ்சவன அப்பறம் பாத்துக்கலாம்" என்று நான் பேசியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டே பயணம் செய்வார். நீங்கள் பொது இடத்தில் பார்த்துப் பேசுங்கள்.

சரி, தேசிங்கு கதைக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு நடந்ததிலேயே இதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

தேசிங்கு புதுப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்காரர். சொந்தமாக ஃபைபர் படகு ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் கையில் ஒரு முழுக் கொடுவா மீனோடு பட்டறைக்குள் வந்து, தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்து, கடைசியில் என் தொட்டிக்கு வந்து நின்றார்.

"அண்ணாத்த, பொம்மைக்கு சட்ட தைக்கிற எடம் இதானே?"

"கவசம்."

"அதான். எனக்கு ஒரு ஆளு வோணும். மூஞ்சி இவரு மூஞ்சி." போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட, சாதுவான ஒரு பையன். "எங்க அக்கா பொண்ணு பவித்ராவக் கட்டிக்கப் போற மாப்ள. வூடு பூரா கண்ணாடி அலமாரி வெச்சி இந்த மாதிரி பொம்மையா அடுக்கி வெச்சிகீறாராம். தங்கம் போட்டா பீரோல வெச்சிப் பூட்டுவாரு, இதக் குடுத்தா தூங்க மாட்டாரு மாமான்னு அந்தப் பொண்ணே போன் பண்ணி சொல்ச்சி."

"மீன் எதுக்கு?"

"செதிலு இந்த மாதிரி வோணும். தலையிலேர்ந்து வாலுக்குப் படிஞ்சாப்ல. கடக்கர மாமன் குடுக்குற சீருன்னு பாத்த ஒடனே தெரிய வாணாமா?"

மாஸ்டர் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதிலை உரித்து ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். மிச்ச மீன் மதியம் குழம்பாகிவிட்டது. சாப்பிடும்போதுதான் தேசிங்கு விஷயத்தைச் சொன்னார்.

அவருக்கும் அவர் அக்கா மல்லிகாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த அம்மா மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டவர். பவித்ராவுக்குக் காது குத்து வைத்தபோது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதற்காக எல்லாரும் காத்திருந்திருக்கிறார்கள். தேசிங்குக்கோ நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், இன்னொரு படகு வந்து இழுத்துக்கொண்டு கரை சேர்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை யாரோ பங்காளி மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது.

"இன்ஜின் நின்னுடுச்சின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேன். 'உன் இன்ஜினக் கட்டிகினு அழு'ன்னா. அதான் கடசி வார்த்த." மீன் முள்ளை ஒதுக்கிவிட்டுத் தலையை ஆட்டினார். "என்ன வளத்தவளே அவதான் அண்ணாத்த. சின்ன வயசுல எனக்கு எப்பவும் மூக்கு ஒழுவும். முந்தானைய வெச்சி தொடச்சி தொடச்சி, இந்த மூக்கு வளஞ்சி கீது பாரு, அவ தொடச்சிதான் வளஞ்சிது."

பார்த்தேன். வலது பக்கம் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

இந்தக் கல்யாணத்துக்கும் பவித்ரா அழுது அடம் பிடித்துத்தான் மாமனுக்குப் பத்திரிகை வைக்க வைத்திருக்கிறாள். "வந்தா வரட்டும். சீர் தட்ட வாங்கிக்கறேன். ஆனா நான் பேச மாட்டேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

"இந்தத் தட்டப் பாத்து அவ வாயத் தொறக்கணும் அண்ணாத்த. திட்னாலும் பரவால்ல," என்றார் தேசிங்கு.

அன்றைக்கு எனக்குக் குழம்பு இறங்கவில்லை. ஒரு பொம்மையை நம்பி இந்த மனுஷன் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுகிறாரே என்று.

ஆள் அருமையாக வந்தான். தலையை மட்டும் வெளியே செய்து வாங்கினோம். முகத்துக்கு வர்ணம் மாஸ்டரே பூசினார். கண்ணாடியைக் கழற்றினால் மாப்பிள்ளைக்கு ஒரு பயந்த பார்வை இருந்தது. அதை மாற்றாமல், கூடவே கொஞ்சம் துணிச்சலையும் சேர்த்திருந்தார். பித்தளைச் செதில் கழுத்திலிருந்து முழங்கால்வரை படிந்து இறங்கியது. தலைக்கவசத்துக்கு முன்னால் ஒரு முகமூடி, இரண்டு காதோரமும் ஆணி வைத்து மேலே தூக்கினால் முகம் தெரிகிற மாதிரி. கையில் வாளுக்குப் பதில் துடுப்பு. அது தேசிங்கின் பிடிவாதம்.

வாங்க வந்த அன்றைக்கு அவர் முன்னாலேயே மூன்று சோதனையும் செய்தோம். உட்கார்ந்தான். கை தூக்கினான். மாஸ்டர் இரண்டு விரலால் தொட்டதும் தலைக்கவசம் கழன்று வந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை. தேசிங்கு முகம் மட்டும் சுருங்கிப்போனது.

"இவ்ளோ லேசா வருதே. மேளத்துக்கு ஆடிகினு வருவானுங்க, தட்டுல உழுந்து உருண்டுட்டா?"

"உழாது," என்றார் மாஸ்டர்.

"கடல்ல எல்லாமே உழாதுன்னுதான் சொல்வாங்க மாஸ்டரு."

மாஸ்டர் தலைக்கவசத்தைத் திருப்பி மாட்டினார். நான் தேசிங்கின் விரலைப் பார்த்தேன். நகத்தோரமெல்லாம் தேன் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. போட்டில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற பிசின். அது அவர் தொழில், அவர் விரல் என்று விட்டுவிட்டேன்.

"நீயும் கல்யாணத்துக்கு வா அண்ணாத்த. ஆளுக்கு இன்னாவது ஆச்சின்னா எனக்குக் கை கால் ஓடாது," என்று என்னையும் கூப்பிட்டார். ஆளுக்கு என்னென்ன ஆகலாம் என்று அப்போதே எனக்கு ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. சின்ன இடுக்கி, அரம், கம்பி, ஒட்டுத் துணி எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் செங்கல்பட்டில். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, அதில்தான் மாமன் சீர். இந்தத் தடவை தாமதம் ஆகக்கூடாது என்று தேசிங்கு வெள்ளனவே கிளம்பி, எங்களையும் கிளப்பி, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முந்தின கல்யாணத்துக்காரர்கள் இன்னும் காலி செய்யவில்லை. வாசலில் வேறு யாரோ மணமக்கள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீர் தட்டுகளோடு வெயிலில் ஒரு கூட்டம் நிற்பதைப் பார்த்து அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க வாங்க, சாப்பாடு முடிஞ்சிடுச்சே" என்று வருத்தப்பட்டார்.

ஒரு வழியாக எங்கள் கல்யாண வீட்டார் வந்து, பவித்ராவுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தபோது, அவளே பாதி அலங்காரத்தோடு பக்கத்து அறைக்கு ஓடி வந்தாள். ஒரு கண்ணுக்கு மை இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. கூடவே மேக்கப் போடுகிற பெண் பிரஷ்ஷோடு துரத்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, அவர் மூஞ்சிய காட்டு. சீக்கிரம்."

தேசிங்கு பெருமையாக முகமூடியைத் தூக்கினார். அது எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தூக்கினார். ஆள் முழுசாக மேலே வந்தான், முகமூடி வரவில்லை. தலைக்கவசத்தையே கழற்றப் பார்த்தார். அதுவும் அசையவில்லை.

நான் வாங்கிப் பார்த்தேன். காதோர ஆணி இரண்டிலும் தேன் நிறத்தில் ஒரு பளபளப்பு. முகர்ந்து பார்த்தேன், பிசின்.

"தேசிங்கு. இன்னா பண்ண?"

அவர் தன் விரலைப் பார்த்தார். "ஒரே ஒரு சொட்டு அண்ணாத்த. நெத்தி பக்கம். தலையில ஒட்டிகினா உழாதுன்னு."

"மாமா!" என்றாள் பவித்ரா.

"புயல்ல கூட வுடாத பிசினு அது," என்றார் அவர், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடு.

இங்கேதான் பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். நெற்றியில் போட்ட சொட்டு காது ஆணிவரை ஓடியிருக்கிறது என்றால், முகத்தின் மேலும் ஓடியிருக்கும். ஓடியிருந்தால் வர்ணத்தைத் தின்றிருக்கும். மூடிக்குள்ளே இப்போது மாப்பிள்ளை முகம் இருக்கிறதா, வெறும் பிசின் கட்டி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. திறந்தால்தான் தெரியும்.

அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மேக்கப் பெண் நகப் பூச்சு அழிக்கிற திரவத்தை நீட்டினாள். வேன் டிரைவர் பெட்ரோல் போதும் என்றார். சமையல்காரர் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுக்கச் சொன்னார். மேளக்காரர் ஒருவர், "செவுத்துல ஒரு தட்டு தட்டினா வந்துரும் மச்சான்" என்று ஆளைக் கையில் வாங்கியே விட்டார். பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வார் என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேஜாரு," என்றார். "ஆளு உன் கையில கீறான். நான் தொட்டில கீறேன். நீயே முடிவு பண்ணு." வைத்துவிட்டார்.

தேசிங்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூடினாப்லயே வுட்டுடு அண்ணாத்த. பித்தள சோக்காத்தான் கீது. மூடி கீற வரைக்கும் உள்ள மூஞ்சி கீதுன்னு நெனச்சிக்கலாம். தொறந்து, ஒண்ணும் இல்லன்னா எங்க அக்கா மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் பாதி விஷயத்தை நான் அப்படித்தான் திறக்காமல் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பட்டறையில் உட்கார்ந்து ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். முகமூடி போட்ட ஆளை யார் கையில் கொடுத்தாலும், அவர்கள் முதலில் செய்கிற வேலை அதைத் தூக்கிப் பார்ப்பதுதான். குழந்தையும் அதையே செய்யும், கோடீஸ்வரனும் அதையே செய்வான். மேடையில் மல்லிகா அம்மாவும் தூக்குவார். வராது. இழுப்பார். எல்லார் எதிரிலும் தலை பிடுங்கிக்கொண்டு வரும். தாய்மாமன் கொண்டு வந்த சீரில் மாப்பிள்ளை தலை தனியாக, முண்டம் தனியாக. அதை நினைத்ததும் இந்தப் பயத்தை அந்தப் பயம் ஜெயித்துவிட்டது.

"தெறக்கிறோம்," என்றேன்.

காதோர ஆணி இரண்டின் தலையையும் தேய்த்து எடுத்தால் முகமூடி தனியாக வந்துவிடும். அரம் போட்டால் தலை ஆடும். என்ன செய்வது என்று நான் டிபன் பாக்ஸைக் கிண்டிக்கொண்டிருக்க, மேக்கப் பெண் தன் பெட்டியிலிருந்து நகம் தேய்க்கிற சின்ன மெஷினை எடுத்து 'விர்'ரென்று ஓட்டிக் காட்டினாள். நம் பட்டறை மெஷினைவிட நல்ல மெஷின்.

சமையல்கட்டுக்கு ஓடினோம். ஆள் ஆடாமல் நிற்க ஓர் அண்டா நிறைய அரிசி இருந்தது, கழுத்துவரை அவனை அதில் புதைத்தேன்.

"ஐயையோ, அது நாளைக்கு முகூர்த்த சாப்பாட்டு அரிசி," என்றார் சமையல்காரர். "பித்தளத் தூளு உழுந்துச்சி, உன்னையும் அதே அண்டால வேவ வெப்பேன்."

மெஷினைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து நடுங்கின.

"அண்ணா, குடுங்க இப்பிடி," என்றாள் அந்தப் பெண். "அழுதுகினே இருக்கிற கல்யாணப் பொண்ணு கண்ணு மேல கோடு போடுறவ நான். இவன் அசையக்கூட மாட்டான்."

கொடுத்துவிட்டேன். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், ஈரத் துணியைச் சுற்றித் தூளைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு காதைத் தேய்த்தாள், ஊதினாள், அடுத்த காதைத் தேய்த்தாள். தேசிங்கு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முகமூடி 'டக்'கென்று என் உள்ளங்கையில் விழுந்தது.

முகம் இருந்தது. கண் இருந்தது, புருவம் இருந்தது, பயந்த துணிச்சல் அப்படியே இருந்தது. ஒரே ஒரு குறை. நெற்றியிலிருந்து வழிந்த பிசின் மூக்குத் தண்டு வழியாக ஓடி, நுனியில் வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி ஒரு சொட்டாகத் தொங்கி அங்கேயே இறுகிவிட்டிருந்தது. தேன் நிறத்தில். விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

சமையல்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "இன்னாபா, ஆளுக்கு சளி புடிச்சிகினு கீது?"

"இதையும் தேச்சிடவா அண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

பார்த்தேன். சொட்டு மூக்கோடு மூக்காக ஒட்டியிருந்தது. தேய்த்தால் மூக்கும் போகும். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. மாமன் வீட்டாரைக் கூப்பிடுகிறார்கள். மூக்கு ஒழுகுகிற மாப்பிள்ளையா, மூக்கே இல்லாத மாப்பிள்ளையா? அவ்வளவுதான் கேள்வி. எங்கள் தொழிலில் சில நேரம் நல்லது கெட்டது என்று இரண்டு வழி இருக்காது, கெட்டது அதைவிடக் கெட்டது என்று இரண்டு வழிதான் இருக்கும்.

"வுடும்மா. மூக்கோட போவட்டும்."

தட்டுகள் வரிசையாக மேடை ஏறின. பழம், தேங்காய், பூ, புடவை, கடைசியில் தேசிங்கு கையில் எங்கள் ஆள், துடுப்பை ஊன்றிக்கொண்டு. மேடையில் மல்லிகா அம்மா விறைத்த முகத்தோடு நின்றார். ஒவ்வொரு தட்டுக்கும் குங்குமம் வைத்து வாங்கினார். தம்பி பக்கம் கண்ணே போகவில்லை. நான் மேடை ஓரத்தில், பாட்டுக் கச்சேரிக்காரர்களின் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஆளுக்கு முன்னால் வந்ததும் அந்த அம்மாவின் குங்குமக் கை நின்றது. குனிந்து பார்த்தார். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, இடுப்பில் சொருகியிருந்த பட்டு முந்தானையை உருவி, பொம்மையின் மூக்கைத் துடைத்தார்.

போகவில்லை. முந்தானையில் வேறொரு முனை எடுத்து, இன்னும் அழுத்தித் துடைத்தார். பித்தளைச் செதில்கள் சலசலத்தன.

"இன்னாடா இது, போவ மாட்டேங்குது?"

தேசிங்கு தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிசினு, அக்கா. காஞ்சி பூட்டுது."

"மூஞ்சியில எதுக்குடா பிசின ஊத்துன?"

"தொப்பி உழாம இருக்கணும்னுக்கா."

"காது குத்துக்கு ஒழுங்கா வந்து சேரத் துப்பில்ல. பொம்ம மூக்க ஒழுவ வெக்கிறதுக்கு மட்டும் ரோசன போவுதா உனுக்கு?"

திட்டுதான். ஆனால் தம்பி கேட்டுக்கொண்டது அதைத்தானே. தேசிங்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் வந்த தண்ணீர் மூக்கு வழியாகவும் வர ஆரம்பித்தது. இரண்டு கையிலும் தட்டு. துடைக்க வழியில்லை. அந்த அம்மா பொம்மையை விட்டுவிட்டு, அதே முந்தானையால் தம்பியின் வளைந்த மூக்கைப் பிடித்தார்.

"சிந்து."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"சிந்துடா."

சிந்தினார். நான் பிடித்துக்கொண்டிருந்த மைக் திறந்தேதான் இருந்திருக்கிறது. போட்டு இன்ஜின் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம் செங்கல்பட்டு மண்டபம் முழுக்க, சாப்பாட்டு ஹால் ஸ்பீக்கர்வரை கேட்டது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். முதலில் சிரித்தது மணப்பெண். ஒரு கண்ணில் மட்டும் மையோடு.

மாப்பிள்ளை அந்த ஆளைக் கண்ணாடி அலமாரியில் நடு இடத்தில் வைத்திருக்கிறார். சொட்டை எடுத்துத் தருகிறோம், புதுத் தலை செய்து தருகிறோம் என்று பட்டறையிலிருந்து கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இப்பதான் சார் அவன் எங்க வூட்டு ஆளு," என்றார்.

பட்டறையில் மாஸ்டர் ஒன்றும் பாராட்டவில்லை. நான் கொண்டு வந்த முகமூடியைத் திருப்பிப் பார்த்து, "ஆணி தல நல்லா தேஞ்சி கீது. யாரு தேச்சா?" என்றார். சொன்னேன். "அந்தப் பொண்ணு வேலைக்கு வருமான்னு கேளு," என்றார். அந்தப் பெண் வரவில்லை. அவளுக்குக் கல்யாணங்கள் நிறைய.

அப்புறம் பவித்ராவுக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் காது குத்துக்கும் மடி தேசிங்கு மடிதான் என்று மல்லிகா அம்மாவே சொல்லிவிட்டார். அதைச் சொல்ல தேசிங்கு மறுபடி பட்டறைக்கு வந்தார், மறுபடி ஒரு கொடுவாவோடு.

"அண்ணாத்த, இன்னொரு ஆளு வோணும். இந்தத் தபா என் மூஞ்சி."

"உங்க மூஞ்சியா? எதுக்கு?"

"இன்ஜின நம்ப முடியாது. அன்னிக்கு நான் கடல்ல மாட்டிகினா? முன்னாடியே இத அக்கா வூட்ல குடுத்து வெச்சிட்டா, எனுக்கு பதிலா இது மடியில புள்ளய வெச்சி..."

"தேசிங்கு, இது பன்னெண்டு அங்குலம்."

"புள்ள மடியில இத வெச்சிக்கட்டும் அப்ப. மாமன் பக்கத்துல கீறான்னு இருந்தா போதும்."

மாஸ்டர் மூன்றாம் தொட்டியிலிருந்து எழுந்து வந்தார். மீனை வாங்கினார். செதிலை உரித்து டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அந்த ஆளுக்கு மட்டும் தலைக்கவசம் செய்யவில்லை. மூக்கை வலது பக்கம் கொஞ்சம் வளைத்து வைத்தோம். வாங்க வந்த அன்றைக்கு, கொடுப்பதற்கு முன்னால், தேசிங்கின் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் விரலாகப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். பொருளை மட்டும் சோதித்தால் போதாது, வாங்கிப் போகிற கையையும் பாருங்கள்.

பிறகு ஆளை மேசை மேல் வைத்து, இடுப்பை மடக்கி, கால் இரண்டையும் சம்மணமாக மடித்தேன். செதில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுத்தது. எங்கும் முட்டவில்லை.

"உக்காருதா?" என்று தொட்டிக்குள்ளிருந்து மாஸ்டர் கேட்டார்.

"உக்காருது," என்றேன். "மடியும் கீது."